குழலில் விழுந்த ஒடுக்கு

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஆவுடைத்தாய் அடுப்படி நிலையில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் மகன் அழகுராஜா வாசலுக்கு நேராகப் பிளாஸ்டிக் நாற்காலியில், வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி. மருமகள் துர்காதேவி கயிற்றுக் கட்டிலின் ஓரத்தில். அவள் செல்போன் சார்ஜரில் கிடந்ததால் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை. ஆவுடைத்தாயின் கொழுந்தன் சுப்புராஜ், ஆட்டு யாவாரி, சுவரோரம் கிடந்த யூரியா மூட்டையின் மேல். இன்னொரு நாற்காலியில் நான். மடியில் அட்டை, அட்டையில் வெள்ளைத்தாள். திருச்சுழி தாலுகா ஆபீசுக்கு எதிரே மேஜை போட்டு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். எழுதுமுன் யார் யார் எங்கே இருந்தார்கள் என்று பார்த்துக்கொள்வேன். பின்னால் 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று யாராவது ஒருவர் வந்து நிற்பார்.

கலெக்டர் ஆபீசிலிருந்து வந்திருந்த கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். ஒரு தடவை இருக்கிறபடி, இன்னொரு தடவை பேச்சில். காலஞ்சென்ற சந்தனம் பெயரில் இருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு வாரிசுகள் தங்கள் பெயரில் லைசென்சு கேட்கிறார்களா, இல்லை அரசிடம் ஒப்படைத்துவிடுகிறார்களா, எழுத்து மூலம் தெரிவிக்கவும். கூடவே இன்னொரு தாள். சந்தனம் இறந்த பிறகு துப்பாக்கியைப் பத்திரத்துக்கு வாங்கி வைத்திருக்கும் மதுரைக் கடைக்காரர் எழுதியது: குழலில் ஒடுக்கு விழுந்திருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் இந்தத் துப்பாக்கியைச் சுடக் கூடாது.

"ஒப்படைச்சிரலாம்ணே, எழுதிருங்க," என்றான் அழகுராஜா. "பதில் வர்ற விலாசம் மட்டும் திருப்பூர் விலாசம் போடுங்க. இந்த அறுப்போட அம்மாவ அங்கன கூட்டிட்டுப் போயிருவோம்."

"யாரக் கேட்டு?" என்றாள் ஆவுடைத்தாய், மொச்சையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒன்னயத்தான் கேக்குறேன்."

"கேக்குறவன் விலாசத்த முன்னாடியே சொல்ல மாட்டான்."

சுப்புராஜ் சிரித்துவிட்டான். அண்ணன் மகன் திரும்பிப் பார்த்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மதினி, கோவிச்சுக்கிறாதிக. ஒத்தப் பொம்பளையா அந்தக் கரிசக்காட்டுல என்னத்தச் செய்யப் போறீக? ஊருல வேற ஒருமாதிரிப் பேசுறாக."

"என்னனு?"

"பொழுசாயத் தாம்பாளத்தத் தட்டுறீகளாமே. அண்ணன் போன பெறகும்."

"பேசுறவுக வீட்டுத் தாம்பாளத்தையா தட்டுறேன்?"

"அதுக்கில்ல மதினி. கேக்குறவனுக்கு வயித்தக் கலக்குதுல்ல."

"கலக்குனா சுக்குத்தண்ணி குடிக்கச் சொல்லுங்க."

துர்காதேவி மெதுவாகச் சொன்னாள், "யத்தே, அங்க பிள்ளைகளோட இருக்கலாம். சாயந்தரமானா மொட்டமாடியில காத்து நல்லா வரும்." நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆவுடைத்தாய் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லாத ஆட்டம்.

அழகுராஜாவுக்கு எரிச்சல் ஏறியது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறான். லீவு கொடுத்தவன் போன் போட்டுக்கொண்டே இருந்தான்.

"சரி. துப்பாக்கி இருந்த தைரியத்துலதான அப்பா அந்தக் காட்டுல கெடந்தாரு? அது ஒம்பேருக்கு மாறி, நீ தூக்கிட்டுப் போயி பன்னி வெரட்டுவேன்னா இங்கனயே இரு. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அதான் ஒடுக்கு விழுந்து கெடக்கே. சுட்டா வெடிச்சு மூஞ்சியில அடிக்குமாம்."

"ஒடுக்கெடுத்துட்டா?"

"எடுத்துட்டா இரு."

"எடுக்க முடியலேன்னா?"

"பொட்டியக் கட்டு."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீகளா?" என்று அவள் எங்கள் மூவரையும் பார்த்தாள். "தம்பி, நீரு கேட்டுக்கிட்டீரா?"

"கேட்டுக்கிட்டேன்க்கா," என்றேன். தாளில் ஒன்றும் எழுதவில்லை.

சுப்புராஜ் எழுந்தான். அவன் வீட்டிலிருந்து குழம்பு வந்திருந்த தூக்குவாளியைத் துர்காதேவி கழுவி அவன் கையில் கொடுத்தாள். ஆவுடைத்தாய் எட்டி அதை வாங்கிச் சுற்றிப் பார்த்தாள். அடியில் லேசாக ஓர் ஒடுக்கு. உள்ளே கையை விட்டுக் கட்டைவிரலால் அழுத்தி, 'டக்'கென்று வெளியே தள்ளினாள். பிறகு சாக்கிலிருந்து ஒரு கை குதிரைவாலியை அள்ளி உள்ளே போட்டு மூடினாள்.

"வெறும் வாளியக் குடுத்தனுப்பக் கூடாதும்மா. எரவலு வாங்குன ஏனத்த ஒடுக்கோடயும் குடுக்கக் கூடாது," என்றாள் மருமகளிடம்.

*

அந்தத் துப்பாக்கி வெள்ளைக்காரன் காலத்தது. சந்தனத்தின் அப்பா ஒரு பண்ணையில் காவல் நின்றவர். பண்ணைக்காரர்கள் நிலத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போனபோது முறைப்படி பெயர் மாற்றி அவரிடம் விட்டுப் போனார்கள். அவருக்குப் பின் சந்தனம். மான், முயல் என்று அவர் எதையும் சுட்டதாக யாரும் சொல்லவில்லை. தோட்டா விலைக்குப் பயந்தவர். கண்மாய்க் கருவேலங்காட்டிலிருந்து பன்றிகள் இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒன்று போடுவார். அதுவும் வருசத்துக்கு ஒன்றோ இரண்டோ.

மற்ற நாளெல்லாம் ஊதினார். அது அவரே கண்டுபிடித்த வழி. துப்பாக்கியைப் பிரித்துக் கட்டையைத் தனியே வைத்துவிட்டு, வெறும் குழலைத் தூக்கி, தோட்டா போடுகிற பக்கம் உதட்டை வைத்துச் சங்கு ஊதுவதுபோல் ஊதுவார். 'பூஉம்' என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பும். பன்றிகள் கொஞ்ச நாள் மிரண்டன, பிறகு பழகிவிட்டன. ஆனாலும் அவர் ஊதுவதை விடவில்லை. பொழுது பனைமரத்துக்குக் கீழே இறங்கும்போது காட்டில் பரணுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு தடவை ஊதுவார். ஓடைக்கு இந்தப் பக்கம், ஊர்க் கடைசி வீட்டில், ஆவுடைத்தாய் பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுவாள். வந்து சேர்ந்துட்டேன், சரி, கேட்டுச்சு. அவ்வளவுதான் பேச்சு. பிறகு அவள் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போவாள்.

போன மாசியில் அறுப்புக்கு முந்தின சாயந்தரம் அவர் ஊதவில்லை. அவள் கொஞ்ச நேரம் தாம்பாளத்தை வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு போய்ப் பார்த்தாள். பரணுக்குக் கீழே, குழலை மடியில் வைத்தபடி உட்கார்ந்த வாக்கிலேயே போயிருந்தார்.

ஒடுக்கு அன்றைக்குத்தான் விழுந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினார்கள். இருட்டு நேரத்துப் பிணத்துக்கு அடியில் இரும்பு போட வேண்டும். காத்துக்கருப்பு அண்டாமல் இருக்க அரிவாளோ ஏர்க்கொழுவோ வைப்பார்கள். அரிவாள்களெல்லாம் அறுப்புக்காரர்களிடம் போயிருந்தன. ஆவுடைத்தாய் கையில் கிடைத்த இரும்பு, அவர் மடியிலிருந்து எடுத்து வந்த குழல். அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் அருப்புக்கோட்டையிலிருந்து ஐஸ் பெட்டி வந்தது. கட்டிலை எடுத்துவிட்டுப் பெட்டியை அதே இடத்தில் இறக்கினார்கள். நாலைந்து பேர் ஆளைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். பெட்டியின் இரும்புக் கால் குழலின் மேல் உட்கார்ந்ததை யாரும் பார்க்கவில்லை. மறுநாள் பெட்டியை எடுத்தபோது பார்த்தார்கள். நடுக்குழலில் பெருவிரல் பதிந்ததுபோல் ஒரு பள்ளம்.

*

மகனும் மருமகளும் திருப்பூருக்குப் போன மறுநாள், ஒடுக்கை எடுத்துத் தரச் சொல்லிக் கடைக்காரருக்கு எழுதிய விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க நான் காட்டுக்குப் போனேன். மார்கழி. வாடைக்காற்று கண்மாய்ப் பக்கமிருந்து ஊரைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மக்காச்சோளம் கதிர் பிடித்து நின்றது, மறுபக்கம் குதிரைவாலி தலை சாய்ந்திருந்தது, ஊடே கொத்தமல்லி. காட்டைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டியிருந்தாள். கத்தரிப்பூக் கலர், கிளிப்பச்சை, ஒரு கல்யாணச் சேலைகூட. தூரத்திலிருந்து பார்த்தால் பெண்கள் வரிசையாகக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

உள்ளே ஓர் ஆண் குரல் கத்திக்கொண்டிருந்தது. "ஹேய்... ஹோய்... போ, போ, அந்தால போ!" நான் நின்றுவிட்டேன்.

"வாங்க தம்பி, அது ஆளில்ல, மிசினு," என்றாள் ஆவுடைத்தாய், களைக்கொத்தோடு எழுந்து. "எம் மகன் வாங்கிக் குடுத்தது. சோலாருல ஓடுது. அதுக்குள்ள ஒருத்தன் இருக்கான்."

பரண் காலில் சின்ன ஒலிபெருக்கி கட்டியிருந்தது.

"பன்னி பயப்படுதாக்கா?"

"மொத வாரம் பயந்துச்சு. இப்ப அவென் கத்தக் கத்த மேயிது." களைக்கொத்தில் ஒட்டியிருந்த மண்ணை வழித்தாள். "எந்த ஊர்க்காரனோ. பேச்சப் பாத்தா மேக்க, கோயம்புத்தூருப் பக்கம்போல இருக்கு. ராத்திரி பூரா எங்காட்டுல நின்னு கத்துறான். ஒரு வாய்த் தண்ணி குடுக்க வழியில்ல."

தூக்கிலிருந்து எனக்குக் கம்மங்கஞ்சி ஊற்றினாள். கடித்துக்கொள்ள மோர்மிளகாய். நான் குடித்து முடிக்கும்வரை மிசின்காரன் எங்களை விரட்டிக்கொண்டிருந்தான்.

கையெழுத்தைப் போட்டுவிட்டு அவள் கேட்டாள், "இரும்புல விழுந்த ஒடுக்க எடுத்துருவாகளா தம்பி? பித்தளைன்னா வளையும். இது இரும்புல்ல?"

"எடுப்பாங்கன்னுதான் எழுதியிருக்கு."

"எடுத்துட்டா நான் இங்கனயே இருக்கலாம்னு அவென் சொன்னான்ல?"

"சொன்னான்."

"நீரு சாட்சி," என்றாள்.

*

அந்த வாரமே மதுரைக்குப் போனோம். திருச்சுழியில் ஏறி, காரியாபட்டியில் பஸ் நின்றபோது நான் மட்டும் இறங்கி டீ குடித்தேன். அவள் இறங்கவில்லை. மடியில் மஞ்சள் பையில் சாப்பாடு, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

கடை, பூட்டுக்கடைகள் இருக்கிற ஒரு சந்துக்குள் இருந்தது. முன்னால் இரும்புக் கம்பி வலை, பின்னால் பட்டறை. ஒடுக்கெடுக்கிறவர் பெயர் ஜெயபாண்டி. கனத்த ஆள். மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருந்தது. எங்கள் தாள்களைப் பார்த்து ரிஜிஸ்டரில் பதிந்துவிட்டு உள்ளேயிருந்து குழலை எடுத்துவந்தார். மேஜையில் துணி விரித்து அதன் மேல் வைத்து உருட்டினார்.

"இது சுட்டதுல வந்த ஒடுக்கில்ல. கீழ போட்டதுலயும் வரல. நல்ல பாரம் ஏறியிருக்கு. யாரும்மா இதும்மேல ஏறி நின்னது?"

"எங்க வீட்டு அவுக," என்றாள் ஆவுடைத்தாய். பிறகு, "நிக்கல. படுத்திருந்தாக."

ஜெயபாண்டி என்னைப் பார்த்தார். நான் ஐஸ் பெட்டிக் கதையைச் சொன்னேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டார்.

"நாப்பது வருசமா பாக்குறேன். மரத்துல இருந்து விழுந்தது, மாடு மிதிச்சது, பொண்டாட்டி தூக்கி எறிஞ்சது எல்லாம் வந்துருக்கு. பொணம் ஏறுன குழலு இதான் மொதத் தடவை." குழலைத் தூக்கி அவளிடம் நீட்டினார். "ஜன்னலப் பாக்கக் காட்டி உள்ள பாருங்க. என்ன தெரியிது?"

அவள் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"கெணத்துக்குள்ள பாத்தாப்புல இருக்கு. வளையம் வளையமா வெளிச்சம்."

"எல்லா வளையமும் ஒழுங்கா இருக்கா?"

"ஒரு எடத்துல கோணிக்கிட்டு நிக்கிது. உறைகெணத்துல ஒரு உறை சரிஞ்ச மாதிரி."

"அதான் ஒடுக்கு. அந்த உறைய ஏத்தி நிமித்தணும். ஏத்துனா வளையமெல்லாம் ஒண்ணுபோல நிக்கும்."

மரப்பெட்டி ஒன்றைத் திறந்தார். பித்தளையில் கடைந்த கட்டைகள், ஒன்றைவிட ஒன்று மயிரிழை தடிமனாக, வரிசையாக இருந்தன. ஒன்றில் எண்ணெய் தடவிக் குழலுக்குள் விட்டு, கம்பியால் தள்ளினார். ஒடுக்கு இருந்த இடத்தில் அது தட்டி நின்றது. அங்கேயே வைத்துக்கொண்டு, சின்னச் செம்புச் சுத்தியலால் வெளியே தட்டத் தொடங்கினார். ஒடுக்கின் மேல் தட்டவில்லை. சுற்றிலும், ஓரத்தில், முட்டையைத் தட்டுவதுபோல்.

"நடுவுல போட்டா?" என்றேன்.

"நடுவுல போட்டா இரும்பு கோவிச்சுக்கிட்டு வேற பக்கம் வீங்கும். ஓரத்துல தட்டுனா தானா எழும்பி வரும்." போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். "எலெக்‌ஷனுக்கு டெபாசிட் பண்ணுன துப்பாக்கிக்கு ரசீதக் கொண்டாங்க, தர்றேன். ரசீதத் தொலைச்சா நான் என்ன சாமியா?" வைத்துவிட்டு மறுபடி தட்டினார்.

முதல் கட்டை இலகுவாக நழுவியதும் அடுத்ததை விட்டார். அதுவும் நழுவியதும் அதற்கடுத்தது. ஆவுடைத்தாய் பெஞ்சு நுனியில் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் ஜெயபாண்டி சாப்பாட்டுக்கு நிறுத்தினார். நாங்களும் அங்கேயே எங்கள் தூக்கைப் பிரித்தோம். குதிரைவாலிச் சோறு, மொச்சைக் குழம்பு, சுண்டவத்தல்.

"இது என்ன, சாமையா?"

"குதரவாலி. எங்காட்டுது."

"இதைத்தான் திங்கச் சொல்லி டாக்டரு உயிர எடுக்குறாரு. சுகரு. கடையில வாங்குனா கல்லும் உமியுமா இருக்கு." அவள் கேட்காமலே இரண்டு கரண்டி வைத்தாள். அவர் தன் டப்பாவிலிருந்த உருளைக்கிழங்குப் பொரியலை எங்கள் பக்கம் தள்ளினார். சாப்பிட்டுக்கொண்டே, "ஒங்க வீட்டுக்காரரு எப்படிச் சுடுவாரு, குறி நல்லா வருமா?" என்றார்.

"சுட மாட்டாக. ஊதுவாக."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். நான் மறுபடி ஒரு கதை சொல்ல வேண்டியிருந்தது.

வெயில் சந்தின் எதிர்ச்சுவரில் ஏறியபோது வேலை முடிந்தது. தேய்த்த இடம் வெளுத்திருந்தது. அதில் கருநீல மருந்து பூசித் துடைத்தார். விரலால் தடவினால் ஒன்றும் தெரியவில்லை. அவளிடம் கொடுத்து மறுபடி ஜன்னலைப் பார்க்கச் சொன்னார்.

"நிமிந்துருச்சு," என்றாள். "எல்லா உறையும் ஒண்ணுபோல நிக்கிது."

"சுடலாம்னு எழுதித் தர்றேன். ஒங்க பேருக்கு மாத்திக்கலாம்."

அவள் குழலைத் திருப்பித் தரவில்லை. "ஒரு தடவ ஊதிப் பாக்கட்டுமா?"

"ஊதுறதுக்கு இதென்ன நாதஸ்வரமா?" என்றார். பிறகு, "ஊதுங்க, ஊதுங்க. உள்ள எண்ணெயா இருக்கும், தொடச்சிட்டு ஊதுங்க."

முந்தானையால் துடைத்து உதட்டில் வைத்தாள். முதலில் வெறும் காற்றுத்தான் வந்தது. இரண்டாவது தடவை வந்துவிட்டது. அந்தச் சின்னப் பட்டறைக்குள் அது கண்மாய் மதகு திறந்த மாதிரி முழங்கியது. சந்தில் போன ஆட்டோ ஒன்று நின்று பார்த்துவிட்டுப் போனது.

அவள் குழலை இறக்கினாள். வாசல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். எதையோ எதிர்பார்த்து நிற்கிற நிலை.

"சத்தம் பழையபடி இருக்காம்மா?" என்றார் ஜெயபாண்டி.

"தெரியல. இந்தப் பக்கம் நின்னு நான் கேட்டதே இல்ல." காதைச் சுண்டுவிரலால் குடைந்தாள். "காதடைச்சுப் போகுது. ரொம்ப நேரம் உள்ளுக்குள்ளயே சுத்துது." கொஞ்சம் பொறுத்து என்னிடம் கேட்டாள், "இம்புட்டுச் சத்தத்துக்குப் பெறகு அவுகளுக்கு என் தாம்பாளம் கேட்டுருக்குமா தம்பி?"

நான் கேட்டிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாததை எழுதியும் பழக்கமில்லை, சொல்லியும் பழக்கமில்லை.

குழலை மேஜைத் துணியில் வைத்தாள். மஞ்சள் பைக்குள் கையை விட்டு, இடுப்பு முடிச்சளவு இருந்த ஒரு சின்னத் துணிப் பொட்டலத்தை எடுத்தாள். அதிலிருந்து ஒரு சிட்டிகை குதிரைவாலியைக் குழலுக்குள் போட்டாள். உள்ளே அது சரசரவென்று உருண்டது.

"யம்மா, இப்பத்தான் எண்ணெய் போட்டுத் தொடச்சேன்."

"வெறுங்கொழலாக் குடுக்கக் கூடாதுங்க," என்றாள். "மிச்சத்த நீங்க சோறாக்கிச் சாப்பிடுங்க." பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

பொட்டலத்தை அவள் வீட்டிலிருந்தே முடிந்துகொண்டு வந்திருக்கிறாள் என்பது எனக்கு பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

"ஒப்படைக்கவா போறீங்க?" என்று கேட்டேன். "சரியாயிருச்சேக்கா. இனி நீங்க இங்கனயே இருக்கலாம். அழகுராஜா சொன்னானே."

"எரவலு வாங்குன ஏனந்தான தம்பி அது? அவுக அய்யாவும் வச்சிருந்து குடுத்தாக. அவுகளும் வச்சிருந்தாக. நான்தான் ஒடுக்குனேன். ஒடுக்கெடுத்துக் குடுத்துட்டேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஊதிப் பாத்தேன்ல. அது என் வேல இல்ல. நான் ஊதுனா தட்டுறதுக்கு ஆரு இருக்கா?"

"அப்ப திருப்பூருக்கா?"

மல்லாங்கிணறு விலக்கு தாண்டியதும் வேறொன்று கேட்டாள்.

"நீரு எழுதுற மனுவுக்கெல்லாம் பதிலு வருமா?"

"சிலதுக்கு வரும். பலதுக்கு வராது."

"வரலேன்னா?"

"மறுபடி எழுதுவோம்."

"ம்," என்றாள்.

*

மறுநாள் சாயந்தரம் என்னை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். போனதும் தாம்பாளத்தையும் கரண்டியையும் என் கையில் கொடுத்தாள்.

"நான் காட்டுக்குப் போறேன். மிசின்காரன அமத்திட்டு நிக்கிறேன். பொழுது பனைக்குக் கீழ எறங்குனதும் ரெண்டு தட்டுத் தட்டும். நான் தட்டுறாப்புல, நல்லா ஓங்கி."

நடந்து ஓடைக்குள் இறங்கி மறைந்தாள். நான் வாசலில் நின்றேன். வாடைக்காற்று மூஞ்சியில் அடித்தது. மிசின்காரனின் குரல் காற்றோடு மிதந்து வந்துகொண்டிருந்தது, திடீரென்று நின்றது. அதன்பிறகு அந்தப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. பொழுது இறங்கியதும் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினேன். கை அதிர்ந்தது. பின்னால் தெருவில் ஒரு கதவு திறந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு.

தெருவிலிருந்து சுப்புராஜ் வந்து நின்றான். "என்னண்ணே, நீங்களும் ஆரம்பிச்சுட்டீகளா?"

"ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"பஜனமடம் வரைக்கும் கேக்குது. என்ன கேள்வி இது?"

மங்கலான வெளிச்சத்தில் அவள் ஓடையிலிருந்து ஏறி வந்தாள். எங்கள் பக்கத்தில் வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"தட்டினீரா?"

"ரெண்டு தடவையாத் தட்டுனேன்க்கா. ஓங்கித்தான்."

"கேக்கல," என்றாள்.

சுப்புராஜுக்கு விஷயம் மெல்லப் புரிந்தது. "காத்து மதினி. வாடக்காத்து அங்கருந்து இங்க வருது. சத்தம் எதிர்க்காத்துல எப்படிப் போகும்?"

"வெள்ளாமை நிக்கிறது பூரா வாடக்காத்துக் காலந்தான கொழுந்தனாரே." தாம்பாளத்தை என் கையிலிருந்து வாங்கினாள். "ஊருக்கெல்லாம் கேட்டுருக்கு. அவுக ஒருத்தருக்குத்தான் கேக்கல."

"அண்ணன் ஒண்ணும் சொன்னதில்லையா?"

"கல்யாணமான புதுசுல ஒருநா கேட்டேன், தட்டுனேனே கேட்டுச்சான்னு. 'ம்'னாக." அந்த 'ம்'மை அவரைப்போலவே தாடையை அசைக்காமல் சொன்னாள். "பெறகு நான் கேக்கவேயில்ல."

நாங்கள் மூவரும் காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் மிசினை மறுபடி போட மறந்து வந்திருந்தாள். சேலை வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

"ஒரு பதிலும் கேக்காமயே ஒருநா விடாம ஊதியிருக்காக," என்றாள். பிறகு தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

*

காலையில் என் மேஜைக்கு வந்தாள். எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சுப்புராஜும் கூட வந்து வேப்பமரத்தில் சாய்ந்து நின்றான். நான் தாளை எடுத்து, பெறுநரை எழுதி, பொருளை எழுதினேன். காலஞ்சென்ற என் கணவர் சந்தனம் என்பவரின் ஒற்றைக்குழல் துப்பாக்கியை அரசிடம் ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன், குழலில் இருந்த ஒடுக்கு எடுக்கப்பட்டுவிட்டது, சான்று இணைத்துள்ளேன். வாசித்துக் காட்டினேன்.

"ஒடுக்கு என்னாலதான் விழுந்துச்சுன்னு எழுதலியா?"

"அது அவங்களுக்கு வேண்டாம்க்கா."

அவள் போன் அடித்தது. அழகுராஜா. ஒலிபெருக்கியில் போட்டு மேஜையில் வைத்தாள்.

"யம்மா, சித்தப்பா சொன்னாரு. ஒப்படைக்கிறியாமே. நல்லதாப் போச்சு. அறுப்பு முடியவும் வண்டி பிடிச்சு வாரேன்."

"அறுப்புக்கு வா. கருது பாரமா இருக்கு, ஆளு வேணும்."

"அறுப்பு முடிஞ்சு?"

"நீ போ. நான் இங்கன இருக்கேன்."

"துப்பாக்கி இருந்தாத்தான் இருக்கலாம்னு பேச்சு."

"ஒடுக்கெடுத்துட்டா இருன்னுதான் பேச்சு. எடுத்தாச்சு. எழுதுற தம்பி சாட்சி."

அந்த முனையில் தையல் மிசின்களின் இரைச்சல் கேட்டது. அவன் வெளியே நடந்து வந்திருக்க வேண்டும், இரைச்சல் குறைந்தது.

"ஒத்தையில என்னம்மா பண்ணுவ? பொழுசாய அந்தத் தாம்பாளத்தத் தட்டிக்கிட்டு. ஆருக்குக் கேக்கப் போகுது?"

"கேக்காது," என்றாள் ஆவுடைத்தாய். "நேத்துப் போயி நின்னு பாத்துட்டேன். அதனால என்ன? ஒங்கப்பாவுக்குந்தான் கேக்கல."

அவனுக்கு அது விளங்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டான். "இனித்தான்," என்றாள். வைத்துவிட்டான்.

நான் பேனாவைத் தாளின் மேல்முனைக்குக் கொண்டுபோனேன். அனுப்புநர் இடம் காலியாக இருந்தது. "எந்த விலாசம்க்கா போட?"

"பதிலு வருமா, வராதா?"

"இதுக்கு வரும்."

"வந்தா நான் இருக்கணும்ல," என்றாள். "இங்கத்த விலாசம் போடும். ஊர்க் கடைசி வீடுன்னும் சேத்துக்கிரும். போஸ்ட்மேன் புதுசு."

எழுதினேன். அவள் நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்துப் பசை தடவி, ஸ்கேலின் விளிம்பால் அழுத்தி ஒட்டினேன். உறையை அவளே தூக்கிக்கொண்டாள்.

தபால் ஆபீசில் கவுண்டர்ப் பெண் அதை எடைபோட்டு, ஸ்பீட் போஸ்ட் சீட்டை ஒட்டினாள். நான் ரசீதுக்காக நின்றேன். வேலை முடிந்ததென்று நினைத்து ஆவுடைத்தாய் வாசற்படிவரை போய்விட்டாள். அந்தப் பெண் முத்திரையை மையில் ஒற்றி எடுத்து, உறையின் மேல் ஒன்று, ரசீதின் மேல் ஒன்று அடித்தாள். இரும்பு மேஜை. கூரை உயர்ந்த அந்த அறைக்குள் இரண்டு சத்தமும் ஓங்கி விழுந்தன.

ஆவுடைத்தாய் படியில் நின்றாள். திரும்பவில்லை.

"கேட்டுச்சு," என்றாள். பிறகு வெயிலுக்கு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஊருக்குப் போகிற வீரசோழன் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.